சுரங்கம் மூடிய ஊரில் பூச்சு வேலையும் கட்டட வேலையும் செய்வது எப்படி

சுரங்கம் மூடப்பட்ட ஊரில் ஒரு பழைய வீட்டைப் பூசக் கூப்பிட்டால், கரணையைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த ஊரின் பழைய சுரங்க வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். புதிதாக எழுப்பிய நேரான சுவரைப் பூசுவது எந்த ஊரிலும் ஒரே வேலைதான். சுரங்க ஊரிலோ சுவருக்குப் பின்னால் வேறு மூன்று சங்கதிகள் நிற்கின்றன: அடியில் குடையப்பட்ட நிலம், இறைப்பதை நிறுத்திய பிறகு மீண்டும் மேலேறும் தண்ணீர், சுரங்கக் கழிவிலிருந்து எடுத்துக் கட்டடத்துக்குள் சேர்த்துவிட்ட மணலும் கல்லும். வெளியூர் ஒப்பந்தக்காரரை விட உள்ளூர்க் கொத்தனாருக்கு அங்கே மதிப்பு அதிகம் என்றால், இந்த மூன்றையும் அவர் அறிந்திருப்பதுதான் காரணம். அப்படிப்பட்ட ஊரில் இத்தொழிலைத் தொடங்குபவர்களுக்காகவும், ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது.

நிலத்தை முதலில் விசாரியுங்கள்

நிலம் எப்படி அமிழும் என்பது, சுரங்கம் எந்த முறையில் வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. நிலக்கரிப் படுகையை நீண்ட முகப்பாக வெட்டிக்கொண்டே போய், பின்னால் கூரையைச் சரியவிடும் முறையில் மேல்நிலம் உடனுக்குடன் இறங்கி, வெட்டு முடிந்த சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். ஆழமில்லாத பழைய சுரங்கங்களில் கரியையே தூண்களாக விட்டுவிட்டு இடையில் உள்ளதை எடுத்திருப்பார்கள். அந்தத் தூண்கள் பல பத்தாண்டுகள் தாங்கி நின்றுவிட்டு, யாரும் எதிர்பாராத ஒருநாள் நொறுங்கும். ஆகவே ‘சுரங்கத்தை மூடி நாற்பது வருடம் ஆயிற்று, இனி எதுவும் நடக்காது’ என்று வீட்டுக்காரர் சொல்வது முதல் வகைக்குப் பொருந்தலாமே தவிர இரண்டாம் வகைக்குப் பொருந்தாது.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அந்நாட்டின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்ட பின்னரும் அங்கே தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் தாழ்ந்த பகுதிகள் ஏரியாகிவிடும். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் நின்றது. அங்கே ஆழத்தில் பாறை வெடித்தபோதெல்லாம் மேலே வீடுகளில் இருந்தவர்களும் அதிர்வை உணர்ந்தார்கள். ஊருக்கு ஊர் கதை வேறு என்பதால் உங்கள் ஊரின் கதையை நீங்களே திரட்டிக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் வரைபடங்களை வைத்திருப்பதும், நில அமிழ்வால் வந்த சேதத்துக்கான கோரிக்கைகளைக் கவனிப்பதும் ஓர் அரசு அமைப்பின் பொறுப்பு. நிலக்கரி ஆணையம் என்று அறியப்பட்டிருந்த அது 2024 நவம்பரில் சுரங்கச் சீரமைப்பு ஆணையம் என்று பெயர் மாறியது. மற்ற நாடுகளில் சுரங்கத் துறை அலுவலகத்திலோ மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ கேட்டுப் பார்க்கலாம். எந்த வரைபடத்தையும் முழுமையானதாக நம்பிவிடாதீர்கள். பிரிட்டனிலேயே சுரங்கத்தைக் கைவிடும்போது வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1872இல்தான் வந்தது. அதற்கு முந்தைய குழிகளில் பல ஏட்டில் ஏறவே இல்லை. ஏட்டில் இல்லாததை, கீழே இறங்கி வேலை செய்த முதியவர்கள் சொல்லக்கூடும். அவர்களிடம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது, எந்தக் கருவியும் தராத அறிவைத் தரும்.

விரிசலை அளக்காமல் மூடாதீர்கள்

சிலந்தி வலை போல மேற்பரப்பில் மட்டும் பரவியிருக்கும் மயிரிழை விரிசல் பூச்சு சுருங்கியதால் வந்தது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, சுவரின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஒரே இடத்தில் தெரிவது, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருப்பது, பக்கத்து வீட்டிலும் அதே கோட்டில் தொடர்வது ஆகிய நான்கும் நிலத்தைச் சுட்டுகின்றன. நான்காவதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டாரிடம் அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். வரிசை வீடுகளில் இது ஐந்து நிமிட வேலை.

அகலத்தை வைத்து ஒரு முதல் மதிப்பீடு செய்யலாம். பிரிட்டிஷ் கட்டட ஆய்வு நிலையம் வகுத்த தரவரிசைப்படி 1 மி.மீ. வரையிலான விரிசலைச் சாதாரணப் பூச்சும் வண்ணமும் மறைத்துவிடும், 5 மி.மீ. வரை நிரப்பிச் சரிசெய்யலாம். 5 முதல் 15 மி.மீ. வரை இருந்தால் சுவரைக் கொஞ்சம் கொத்தித் திறந்து பார்க்க வேண்டும், கதவுகளும் அப்போது இறுகத் தொடங்கியிருக்கும், 15 மி.மீ.க்கு மேல் போனால் அது பொறியாளரின் வேலை. ஆனால் அகலத்தை விட முக்கியம், அது இன்னும் வளர்கிறதா என்பது. விரிசலின் இரு புறமும் ஒவ்வொரு சிறிய பித்தளைத் திருகாணியைப் பதித்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை வெர்னியர் அளவியால் மாதத்துக்கு ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கும் பழைய முறை, உடைந்தது உடையவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. எவ்வளவு, எந்தத் திசையில் என்பது தெரியாது.

களிமண் நிலம் மழையில் பூரித்து வெயிலில் சுருங்குவதால், ஒரு முழு ஆண்டு அளந்தால்தான் பருவத்தால் வரும் அசைவும் சுரங்கத்தால் வரும் அசைவும் பிரியும். ஓராண்டு காத்திருக்கச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அசைந்துகொண்டிருக்கும் சுவரைப் பூசிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே விரிசலைப் பார்த்து அவர் சுளிக்கும் முகம் இதைவிட மோசமானது. இடைக்காலத்துக்கு, மழைநீர் உள்ளே போகாதபடி இளகும் தன்மையுள்ள அடைப்பானால் வெளிப்புற விரிசலை மூடிக் கொடுத்துவிட்டு வரலாம். அளவு நகரவே இல்லை என்று உறுதியான பிறகு, விரிசலின் இருபுறமும் பூச்சை அகலமாக வெட்டியெடுத்து, பொறியாளர் குறித்துத் தரும் இடைவெளியில் செங்கல் வரிசைகளுக்கு இடையே கிடையாக ஓடும் படுக்கைச் சந்துகளுக்குள் துருப்பிடிக்காத முறுக்குக் கம்பிகளைக் குறுக்கே பதித்து, அதன் மேல் பூச்சைத் தொடங்கலாம்.

சுவருக்குள் என்ன இருக்கிறது

சுரங்க ஊரில் கட்டுமானப் பொருள் இலவசமாகக் குவிந்து கிடந்தது; மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுரங்கக் கழிவுக் கற்களைப் போட்டு வார்த்த கான்கிரீட் கட்டிகளால் வீடுகள் கட்டினார்கள். அந்தக் கல்லில் இருந்த பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம், ஈரமும் காற்றும் பட்டு ஆக்சிஜனேறிக் கந்தக அமிலமாகவும் சல்ஃபேட்டாகவும் மாறி, சிமென்ட்டை உள்ளிருந்தே தின்றுவிட்டது. கார்ன்வால் சுரங்கத்தார் பைரைட்டை ‘மண்டிக்’ என்று அழைத்தார்கள். இன்று அந்த நோய்க்கும் அதே பெயர்தான். அங்கே அக்காலத்து வீட்டை விற்பதற்கு முன் சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்து, நிலையானதா இல்லையா எனத் தரம் பிரிக்கிறார்கள். வேறிடங்களில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் களிக்கல்லைத் தரைக்கு அடியில் நிரப்பியதால், அதிலிருந்த சல்ஃபேட் கான்கிரீட் தரையைத் தாக்கி அதை மேலே உப்பவைத்து, சுவரையும் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. தரை நடுவில் மேடாகி, உட்கதவு தரையில் உரசி, சுவரின் அடிவரிசை வெளியே பிதுங்கியிருந்தால், பூச்சுக்கான விலையைச் சொல்லாமல் ஆய்வுக்கு ஆளைச் சொல்லி அனுப்புங்கள்.

இதிலிருந்து வரும் கறாரான விதி ஒன்று: கழிவுக் குன்றிலிருந்து ஒரு கூடை மணல்கூட எடுக்காதீர்கள். அது பார்க்கச் சலித்த ஆற்று மணலைப் போல அழகாக இருக்கும். தங்கச் சுரங்கக் கழிவில் சயனைடின் எச்சமும், தகரம், செம்புச் சுரங்கக் கழிவில் ஆர்செனிக்கும் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் 1950களிலும் 1960களிலும் யுரேனிய ஆலைக் கழிவு மணலை வீட்டு அடித்தளங்களில் நிரப்பியும் கலவையில் சேர்த்தும் பயன்படுத்திவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கான இடங்களில் தோண்டி அகற்ற வேண்டியதாயிற்று.

நிலக்கரி ஊர்களில் மேலும் இரண்டு விஷயங்களைக் காண்பீர்கள். சுண்ணாம்பில் மணலுக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலைக் கலந்து கட்டிய கருஞ்சாந்து ஒன்று; விரலால் கீறினாலே உதிரும் அதன் மேல் கடினமான சிமென்ட் பூச்சை ஏற்றினால், பூச்சு சாந்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். மற்றொன்று, தலைமுறை தலைமுறையாகக் கரி எரித்த புகைபோக்கிச் சுவர். கரிப்புகையின் உப்புகளும் தாரும் செங்கல்லில் ஊறியிருப்பதால், அங்கே ஜிப்சம் பூசினால் சில மாதங்களில் பழுப்புக் கறை பூத்து வெளியே வரும். வண்ணம் அடித்து மறைக்க முடியாது. அடைத்துவிட்ட புகைபோக்கிக்கு மேலும் கீழும் காற்று வழி திறந்து, பழைய பூச்சை முழுவதும் அகற்றி, சுண்ணாம்புப் பூச்சு போடுவது ஒரு வழி. அதுவும் கறையைப் பிடிக்கும் என்று தோன்றினால் சுவரிலிருந்து விலகி நிற்கும் சட்டமடித்துப் பலகை பொருத்திவிடுவது இன்னொரு வழி.

ஈரம்

கையில் பிடித்து முள்ளைக் குத்தும் மின் ஈரமானியை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். சுவரில் உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். காய்ந்த சுவரைக்கூட அந்தக் கருவி ஈரம் என்று சொல்லும். சுவரில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த தூளைக் கால்சியம் கார்பைடோடு மூடிய குப்பியில் குலுக்கி, எழும் வாயுவின் அழுத்தத்தைப் படிக்கும் முறை இதைவிட நம்பகமானது. அந்த வாயு அசிட்டிலீன். சுரங்கத் தொழிலாளர்கள் நெற்றியில் கட்டிக்கொண்டு இறங்கிய கார்பைடு விளக்கில் எரிந்ததும் அதுவேதான். பழைய சுரங்கக்காரர் வீட்டில் அந்தக் குப்பியைத் திறந்தால், வாசனையை வைத்தே அவர் அதை அடையாளம் காண்பார்.

ஈரத்துக்கு மருந்து தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். வெளியே தெருமட்டம், நிலத்தின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் ஓதத்தடுப்பு வரிசைக்கு மேல் ஏறியிருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் உடைந்திருக்கும், அல்லது யாரோ போட்ட சிமென்ட் பூச்சு சுவருக்குள் ஈரத்தைச் சிறை வைத்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும். இவை எதுவும் இல்லாமல் ஒரு தெரு முழுவதும் ஒரே காலத்தில் ஈரம் ஏறினால், சுரங்க நீர்மட்டம் உயர்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அது தனி வீட்டின் வேலை அல்ல. காரணத்தை நீக்கிய பிறகு, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் பழைய சுவர் காயும் என்று தொழிலில் சொல்வார்கள். அரை மீட்டர்க் கல்சுவருக்கு அது ஓராண்டுக்கு மேல் வரும். அதனால்தான் ஈரம் போகக்கூடிய பூச்சு தேவைப்படுகிறது.

கலவையும் பூச்சும்

சிமென்ட் எங்கே, சுண்ணாம்பு எங்கே, ஜிப்சம் எங்கே என்பதில் தவறினால் கைத்திறமை எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. புதிய கட்டிச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு பொருந்தும்: உட்சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல், வெளிச்சுவருக்கும் கூரையடிக்கும் நான்கு பங்கு. ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும் தன்மையுடையது. எப்போதும் உலர்ந்திருக்கும் உட்சுவரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான செங்கல்லாலும் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்து கொண்டு கட்டிய பழைய சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்குச் சுண்ணாம்புதான் சரி. அது ஈரத்தை வெளியே விடும். சுவர் சிறிது அசைந்தால் தானும் சிறிது வளைந்து கொடுக்கும். பொதுவிதி ஒன்றுதான்: மேல் பூச்சு அடிப்பூச்சை விட வலுவாக இருக்கக் கூடாது, அடிப்பூச்சு சுவரை விட வலுவாக இருக்கக் கூடாது.

மணலைச் சோதியுங்கள். கண்ணாடிக் குவளையில் உப்புநீர் விட்டு மணலைப் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தால், மேலே படியும் வண்டல் தெரியும். மணலின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் இருந்தால் கழுவ வேண்டும். ஈர மணல் உப்பி 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகத் தெரியும் என்பதால், சட்டியால் அளக்கும்போது அதற்கும் இடம் கொடுக்க வேண்டும். பொருள் கணக்கு இப்படி: 10 சதுர மீட்டரை 12 மி.மீ. கனத்தில் பூச 0.12 கன மீட்டர் கலவை. சந்துகளை நிரப்ப ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 0.144, உலர்ந்த நிலையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ஏறத்தாழ 0.19. ஒன்றுக்கு ஆறு கலவையில் இதற்கு 39 கிலோ சிமென்ட்டும் 0.16 கன மீட்டர் மணலும் ஆகும். பழைய கல்சுவரில் பள்ளம் மேடு அதிகம். இந்தக் கணக்கை நம்பி விலை சொன்னால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். ஆறேழு இடங்களில் நூல் பிடித்துப் பார்த்துச் சராசரிக் கனத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்கும் முன், பழைய பூச்சைத் தட்டிப் பார்த்துப் பொக்கென்று ஒலிக்கும் இடங்களை மட்டும் கொத்தியெடுங்கள். உறுதியாக இருப்பதைப் பெயர்க்க வேண்டியதில்லை. சந்துகளைச் சுரண்டி, தூசியைத் துலக்கி, முந்தின நாளும் பூசுவதற்குச் சற்று முன்பும் சுவரை நனைக்க வேண்டும். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் மினுமினுக்கக் கூடாது. ஆழமான பள்ளங்களைச் சிறு கல்லும் கலவையும் கொண்டு முன்கூட்டியே நிரப்பி இறுக விடுங்கள். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மையான பருமணல், விரிசலைத் தடுக்க விலங்கு முடியோ நாரோ சிறிது. கரணையால் அழுத்தி ஏற்றி, 10 மி.மீ. கனத்துக்கு மேல் ஒரே தடவையில் போடாமல் நிறுத்தி, இறுகத் தொடங்கியதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும்.

நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு என்றால் சில நாள்கள். காற்றில் மட்டுமே இறுகும் ஊறவைத்த சுண்ணாம்பு என்றால் வாரக்கணக்கில் ஆகலாம், ஏனெனில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மீண்டும் சுண்ணக்கல்லாக வேண்டும். அந்த மாற்றம் மாதத்துக்கு ஒரு மி.மீ. அளவில்தான் உள்ளே நகரும். இரண்டாம் பூச்சில் தூக்குக்குண்டு பிடித்துப் புள்ளிகள் வைத்து, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக்கட்டை என்ற தேய்ப்புப் பலகையால் வட்டமாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். மறுநாள் சுருக்க விரிசல் தெரிந்தால் லேசாக நீர் தெளித்து மீண்டும் தேய்த்தால் மூடிக்கொள்ளும். இந்த இரண்டாவது தேய்ப்பைச் சோம்பலால் விட்டுவிடுபவர்களே அதிகம். கடைசியாக 3 மி.மீ. மெல்லிய பூச்சு. வெயிலும் காற்றும் நேராகப் படாதபடி ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகும் நாள்களில் வேலையைத் தள்ளிவைக்க வேண்டும்.

சிமென்ட் பூச்சில் நான் ஒரேயொரு கெட்ட பழக்கத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். கலவை நீர்த்துப்போனால் சீக்கிரம் இறுக வேண்டும் என்று மேலே வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பார்கள். அந்த மேல்தோல் அடியிலுள்ளதை விட வலுவாகி, வேறு விதமாகச் சுருங்கி, சிலந்தி வலை விரிசலாக வெடிக்கும். கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் கலந்தால் இந்தத் தேவையே வராது. பூசியபின் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள்.

தூசி

சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்த சிலிகாத் தூசிதான், பழைய பூச்சைக் கொத்தும்போதும் கல்லை அறுக்கும்போதும் எழுகிறது. மூச்சு வாங்கியே ஒருவர் வாழ்ந்து முடித்த வீட்டில், முகமூடி இல்லாமல் அவருடைய பேரன் சுவர் கொத்துவதைப் பார்க்கச் சகிக்காது. தண்ணீர் தெளித்துக் கொத்துங்கள், நுண்தூசியை வடிக்கும் முகமூடி அணியுங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்தால் துடையுங்கள். பழைய அலங்காரப் பூச்சுக் கூரைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். சோதனை முடிவு வரும்வரை சுரண்டக் கூடாது. சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டுமே தவிரச் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் போகக் கூடாது.

விலைச் சீட்டும் கணக்கேடும்

விலைச் சீட்டில் எது அடங்கும் என்பதை விட எது அடங்காது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: பூச்சை அகற்றிய பிறகு தெரியவரும் சுவர்ச் சேதம், நில அசைவால் பின்னர் வரும் விரிசல், கல்நார் அகற்றல் ஆகியவை தனி. நில அசைவுக்கு உத்தரவாதம் தர உங்களால் முடியாது. தருவதாகச் சொல்பவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், நீங்கள் அதே கடைத்தெருவில் நடக்க வேண்டியவர். சேதம் சுரங்க அமிழ்வால் வந்தது என்று தோன்றினால், பழுதுபார்ப்பதற்கு முன் உரிய அலுவலகத்தில் கோரிக்கை பதியும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் பூசி மூடிய பிறகு ஆதாரம் போய்விடும். வேலை கைவிட்டுப் போகலாம்; போகட்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய கணக்கேடு வைத்திருங்கள். சுவர் எதனால் ஆனது, எந்தச் சாந்து, என்ன கலவை, எந்தத் தேதியில் எவ்வளவு விரிசல், மூடுவதற்கு முன் எடுத்த படங்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்ததும் அவற்றை ஊர் வரைபடத்தில் புள்ளியிட்டுப் பாருங்கள். விரிசல்கள் எந்தத் தெருக்களில் ஒரே கோட்டில் விழுகின்றன என்பது கண்ணில் படும். பழகவரும் இளைஞரிடம் முதல் ஆண்டில் கரணையோடு சேர்த்து இந்த ஏட்டையும் கொடுத்து, மாதாந்திர அளவுகளை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த வீடுகளுக்கு ஓராண்டு கழித்து, கூப்பிடாமலே ஒருமுறை போய், பித்தளைத் திருகாணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மீண்டும் அளந்து எழுதிவிட்டு வாருங்கள்.